செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஹூஸ்டனில் கூடும் நம் விளையாட்டு வரலாற்று வட்டம் இந்த ஆண்டு எடுத்துக்கொண்ட பொருள், 1996இல் கலைந்துபோன சௌத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு. கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. ஏசி பழுதானதால் ஒன்று மட்டும் ரத்து.

முதலில் போனது ரைஸ் ஹோட்டலுக்கு. பெயரைக் கேட்டதும் "சாப்பாடு எப்படி?" என்று விசாரித்தவர் யாரென்று இங்கே எழுதவில்லை. 1914 டிசம்பரில் எட்டுக் கல்லூரிகள் கூடி இந்த அமைப்பை முறைப்படி தொடங்கிய இடம் அது. இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. நடைபாதையில் நின்று பேசிவிட்டுத் திரும்பினோம்.

அமைப்பு ஏன் கலைந்தது என்ற விவாதம்தான் இரவு வெகுநேரம் நீண்டது. பலரும் எஸ்எம்யூவை (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்) கைகாட்டினார்கள். ஆட்டக்காரர்களுக்குக் கள்ளத்தனமாகப் பணம் கொடுத்ததற்காக 1987 பருவம் முழுக்க அதன் அமெரிக்கக் கால்பந்து அணிக்குத் தடை விதிக்கப்பட்டது உண்மை. ஆனால் என் கணக்கு 1984இல் தொடங்குகிறது. ஆட்டங்களின் டிவி உரிமையைக் கல்லூரிகள் தாங்களே விற்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு தீர்ப்பளித்தது. அப்புறம் எந்த அமைப்புக்கு எத்தனை மாநிலத்தில் பார்வையாளர்கள் என்பதே பேச்சானது. சௌத்வெஸ்டிடம் டெக்சாஸுக்கு வெளியே இருந்தது ஆர்கன்சா பல்கலைக்கழகம் மட்டும். அதுவும் 1990இல் விலகல் அறிவித்துவிட்டது. 1994 பிப்ரவரியில் டெக்சாஸ், டெக்சாஸ் ஏ அண்ட் எம், பேய்லர், டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகங்கள் நான்கும் பிக் எய்ட் என்ற இன்னொரு கூட்டமைப்பின் அணிகளோடு சேர முடிவெடுத்தன. பிக் 12 என்ற புதுக் கூட்டமைப்பு பிறந்தது. ரைஸ், டிசியூ (டெக்சாஸ் கிறிஸ்டியன்), எஸ்எம்யூ, ஹூஸ்டன் பல்கலைக்கழகங்கள் நான்கையும் அதற்கு யாரும் கூப்பிடவில்லை. பந்தியில் பாதிப் பேருக்கு இலை போட்டுவிட்டு மற்றவர்களை எழுப்பிவிட்ட மாதிரி.

சௌத்வெஸ்டின் கடைசிக் கால்பந்து ஆட்டம் அப்படி விடுபட்ட இருவருக்கு இடையில்தான் நடந்தது: 1995 டிசம்பர் 2, ரைஸ் ஸ்டேடியம், ஹூஸ்டன் 18, ரைஸ் 17. ஒரே ஒரு புள்ளி! அங்கேயும் போனோம். கேட் பூட்டியிருந்தது. ஆடுகளம் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் இருப்பதால், கம்பி இடுக்கில் எட்டிப் பார்த்தவர்களுக்கு எதிர்ப்பக்கக் கேலரியின் காலி வரிசைகள்தான் தெரிந்தன.

சரி, வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் டீ இடைவேளையில் அவரைப் பார்க்கவும்.

செயலாளர்