பித்தளை என்று விற்ற ஆங்கிள் காக் முறிந்தது குறித்துப் புகார்

அனுப்புநர்: இணைத்துள்ள பில்லில் கண்ட பெயர், முகவரி

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஆங்கிள் காக் 12 – பித்தளை அல்லாத உலோகம் – பணத்தைத் திரும்பத் தரவும் இழப்பீடு தரவும் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். திருச்செங்கோடு பக்கம் நாங்கள் கட்டிய புது வீட்டுக்கு, ஈரோட்டில் உள்ள தங்கள் அங்கீகாரம் பெற்ற ஷோரூமில், கடந்த தை மாதம் இரண்டு குளியலறைக்கும் சமையலறைக்கும் வேண்டிய ஃபிட்டிங்ஸ் எல்லாவற்றையும் வாங்கினோம். ஜி.எஸ்.டி. சேர்த்து பில் தொகை ரூ. 71,460. அதில் ஆங்கிள் காக் (சுவர்க் குழாயிலிருந்து வரும் தண்ணீரைத் திறந்து மூடும் சின்ன வால்வு) 12, ஒன்று ரூ. 720 வீதம் ரூ. 8,640. ஆடி மாதம் ஒரு நாள் இரவு, மாடிக் குளியலறையில் ஃபிளஷ் டேங்க்குக்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் காக் யாரும் தொடாமலே கழுத்தோடு முறிந்தது. முறிந்த இடத்தில் மஞ்சள் நிறமே இல்லை. சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோல், சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று இருந்தது.

ஒரு பொருள் பழுதானது என்பதற்காக இவ்வளவு நீளமாக எழுதவில்லை. பித்தளை என்று சொல்லிக் காசு வாங்கியிருக்கிறீர்கள், கொடுத்தது பித்தளை இல்லை. அதைக் கேட்டால், எங்கள் ஊர்த் தண்ணீர்மேல் பழி போடுகிறீர்கள். இதுதான் என் புகார்.

எப்படி வாங்கினோம் என்பதைச் சொன்னால்தான் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று புரியும். வீட்டுக்கடனில் கட்டிய வீடு. டைல்ஸ் முடியும்போதே கையிருப்பு கரைந்திருந்தது. ஜாக்குவார், பாரிவேர் என்ற இரண்டு கம்பெனிகளின் விலைப்பட்டியலையும் வாங்கி வைத்துக்கொண்டு, நானும் என் கணவரும் எங்கள் பிளம்பரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பிளம்பர் சொன்ன வழி எளிமையானது. பின்னால் கழற்றி மாற்றக்கூடியதில் மிச்சம் பிடியுங்கள், சுவருக்குள் போவதிலும் எப்போதும் தண்ணீர் அழுத்தம் தாங்கி நிற்பதிலும் மிச்சம் பிடிக்காதீர்கள் என்றார். அதன்படி டவல் ராட், சோப்பு டிஷ், ஹெல்த் ஃபாசெட், கண்ணாடி, சோப்பு போடும் இடத்து ஷெல்ஃப் எல்லாம் விலை குறைவானதாகவே எடுத்தோம். ஹெல்த் ஃபாசெட்டின் தலை பிளாஸ்டிக் என்று தெரிந்தே வாங்கினோம், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வால் மிக்ஸர் (சுடுநீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கும் சுவர்க் குழாய்), கன்சீல்டு டைவர்ட்டரின் (தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும், சுவருக்குள் பதிக்கும் வால்வு) உள் பாடி, ஆங்கிள் காக் இந்த மூன்றும் பித்தளையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் நிபந்தனை.

ஆங்கிள் காக்கை யாரும் ஷோரூமில் உற்றுப் பார்ப்பதில்லை. வாஷ் பேசினுக்குக் கீழே, கீஸருக்குப் பக்கத்தில், கிளாசெட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பொருள் அது. ஆனால் வீட்டில் யாரும் இல்லாத நேரத்திலும் மாடித் தொட்டியின் தண்ணீரைத் தடுத்து நிறுத்தி வைத்திருப்பது அதுதான். குழாய் சொட்டினால் வாளி வைத்துச் சமாளிக்கலாம். ஆங்கிள் காக் முறிந்தால் தொட்டி காலியாகும் வரை வீடு நனையும்.

இந்தச் சங்கதியெல்லாம் சொல்லித்தான் உங்கள் ஷோரூம் விற்பனையாளரிடம் கேட்டேன், இது பித்தளைதானா என்று. அவர் மேசை டிராயரிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து ஆங்கிள் காக்கின்மேல் வைத்துக் காட்டினார். "பாருங்க மேடம், ஒட்டலை. ஃபுல் பிராஸ்" என்றார். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. காந்தம் ஒட்டவில்லை என்றால் அது இரும்பு இல்லை என்று மட்டும்தான் அர்த்தம், துத்தநாகத்திலும் அலுமினியத்திலும்கூட ஒட்டாது என்று அப்போதே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தங்கள் நிறுவனத்தின் கேட்லாக்கைப் பிரித்து, அந்த மாடலுக்கு நேரே 'பாடி: பிராஸ்' என்று அச்சாகியிருந்ததைக் காட்டினார். எஸ்டிமேட்டிலும் 'ஆங்கிள் காக் – பிராஸ் – சி.பி.' என்று அடித்துக் கொடுத்தார் (சி.பி. என்றால் குரோம் பூச்சு). கேட்லாக்கில் அச்சாகியிருப்பதை நம்பித்தான் வாங்கினேன். ஆனால் பிறகு வந்த ஜி.எஸ்.டி. பில்லில் 'ஆங்கிள் காக் சி.பி.' என்று மட்டும் இருக்கிறது. 'பிராஸ்' என்ற சொல் எங்கே போயிற்று என்பதற்கு ஷோரூமில் இன்றுவரை பதில் இல்லை.

முறிந்த இரவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தண்ணீர் நேராகக் கதவு நிலையில் அடித்து, படுக்கையறைக்குள் ஓடி, புதிதாகச் செய்த பிளைவுட் அலமாரியின் அடிப்பலகையை ஊற வைத்துவிட்டது. ஆயிரம் லிட்டர் தொட்டி. என் கணவர் மொட்டை மாடிக்கு ஓடிப்போய் கேட் வால்வை மூடுவதற்குள் பாதிக்கு மேல் காலி. காலையில் பிளம்பர் வந்து, சுவருக்குள் பிராஸ் எல்போவில் மாட்டியிருந்த மரை முனையை ஆக்ஸா பிளேடால் கீறிக் கீறி எடுத்தார். டைல்ஸ் உடையாமல் எடுத்தது அவர் கைத்திறன். எடுத்ததைப் பார்த்ததும், "டீச்சர், இது பித்தளை இல்லைங்க. சிங்க்கு (துத்தநாக) வார்ப்பு. மேல குரோம் பூசியிருக்காங்க, அவ்வளவுதான்" என்றார்.

பிளம்பர் சொன்னதோடு நான் விடவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே செய்யக்கூடிய சோதனைதான் இது. கைப்பிடி, ஸ்பிண்டில், வாஷர், ஃபிளாஞ்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பாடியை மட்டும் இரண்டு துண்டாக நகைக்கடையின் மின்னணுத் தராசில் நிறுத்தேன். 154 கிராம். பிறகு பள்ளி ஆய்வகத்தில் அளவு ஜாடியில் தண்ணீர் விட்டு முக்கினேன். 23 மில்லி உயர்ந்தது. வகுத்தால் ஒரு கன சென்டிமீட்டருக்கு 6.7 கிராம். பித்தளையின் அடர்த்தி சுமார் 8.4-இலிருந்து 8.7 வரை. அதே அளவுள்ள பித்தளை பாடி 193 கிராமுக்குக் குறையாது. குழாய் வார்ப்புக்குப் பயன்படும் துத்தநாகக் கலவையின் அடர்த்தியோ 6.6, 6.7 என்ற அளவில்தான் இருக்கும். ஜாடியில் ஒரு மில்லி முன்னே பின்னே படித்திருந்தாலும் இந்த வித்தியாசம் மறையாது. மேலே இருக்கும் நிக்கல், குரோம் பூச்சு மிக மெல்லியது, அதனால் கணக்கு மாறாது.

சரி, இனி தங்கள் பதிலுக்கு வருகிறேன். புகார் பதிவு செய்த பிறகு வந்த சர்வீஸ் டெக்னீஷியன், டி.டி.எஸ். மீட்டரை (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) வாளியில் விட்டுப் பார்த்தார். 1,300 சொச்சம் காட்டியது. 'கடின நீர், வாரண்டி பொருந்தாது' என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார். நான் மறுத்து, 'முறிவின் நிறம் சாம்பல், அதைப் பரிசோதிக்கவில்லை' என்று அதே தாளில் எழுதிக் கொடுத்தேன். முறிந்த துண்டை அவர் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கம் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் உப்புதான், அதை யாரும் மறைக்கவில்லை. குடிக்கக் காவிரி, மற்றதற்கெல்லாம் போர் என்று வாங்கும்போதே சொன்னோம். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, டி.டி.எஸ். 500-க்குள் இருப்பது நல்லது, வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதிக்கலாம் என்கிறது. குடிப்பதற்கே விதிவிலக்காக அனுமதிக்கும் அளவுக்குள் உள்ள தண்ணீரை, கிளாசெட் கழுவும் குழாய் சில மாதம்கூடத் தாங்காதா? அப்படியானால் கொங்கு மண்டலத்தில் போர் போட்ட எத்தனை வீட்டுக்கு உங்கள் ஏழு வருட வாரண்டி பொருந்தும்? அந்தக் கடின நீர் நிபந்தனையும் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில், பொடி எழுத்தில் இருக்கிறது. கேட்லாக்கில் இல்லை, பில்லில் இல்லை, விற்றவர் வாயிலும் வரவில்லை.

இன்னொன்று. உப்புத் தண்ணீர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஷவர் துளைகளை அடைக்கும், குழாய் முனை வலையில் வெள்ளையாகப் படியும், குழாய்க்குள் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜைக் கடினமாக்கும், பூச்சில் திட்டுத் திட்டாகக் கறை விடும். பித்தளையையும் சில வகைத் தண்ணீர் அரிக்கும் என்பது உண்மை. ஆனால் அப்படி அரித்தால், பித்தளையில் உள்ள துத்தநாகம் கரைந்துபோய்ச் செம்புதான் மிஞ்சும். முறிவு செந்நிறமாகத் தெரியும். சாம்பல் நிறமாகத் தெரியாது. எங்கள் தண்ணீர் எவ்வளவு மோசமானது என்று நீங்கள் எழுதினாலும், அது பித்தளையைத் துத்தநாகமாக மாற்றாது.

ஷோரூம் பற்றி வேறு சில மனக்குறைகளும் உண்டு. சுவரிலிருந்து ஒன்பது அங்குலத்தில் எஸ்-டிராப் (கழிவு தரை வழியாகப் போகும் வகை) என்று எழுதிக் கொடுத்தும் நான்கு அங்குல கிளாசெட்டை அனுப்பிவிட்டு, மாற்றித் தர எங்களிடமே வண்டி வாடகை வாங்கினார்கள். மாடிக் குளியலறைக்கு எட்டு அங்குல ரெயின் ஷவரை விற்றவர் டைல்ஸ் கலரைக் கேட்டார், தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்கவில்லை. அந்த ஷவருக்குக் குறைந்தது 0.5 பார் அழுத்தம் வேண்டும் என்று அதன் பெட்டியிலேயே போட்டிருக்கிறது, அதாவது ஐந்து மீட்டர் உயரத்துத் தண்ணீர். எங்கள் தொட்டிக்கும் மாடி ஷவருக்கும் இடையே இரண்டு மீட்டர்தான். மழைக்குப் பதில் தூறல் விழுகிறது. இவற்றுக்கு இந்தக் கடிதத்தில் நான் பணம் கேட்கவில்லை. விற்பனையாளர்களுக்குப் பயிற்சி தருகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் சரி.

மிச்சமுள்ள 11 ஆங்கிள் காக்குகளும் இதே பெட்டி, இதே தொகுதி எண். ஒன்றை வீட்டிலேயே, தெரியாத இடத்தில் அரத்தால் லேசாக உரசிப் பார்த்தோம். அதே சாம்பல். கீழ்க் குளியலறையை என் மாமியார் பயன்படுத்துகிறார், வயது எழுபதுக்கு மேல். இரவில் கீழேயும் ஒன்று முறிந்து தரை வழுக்கினால் என்ன ஆகும் என்ற கவலையில், தினமும் படுக்கும் முன் மாடி கேட் வால்வை மூடிவிட்டுத்தான் தூங்குகிறோம். புது வீட்டில் இப்படி.

எனவே நான் கேட்பது இவைதான். 12 ஆங்கிள் காக்குகளின் விலை ரூ. 8,640, முறிந்த அன்று பிளம்பருக்குக் கொடுத்த ரூ. 1,200, மற்ற பதினொன்றையும் கழற்றி வேறு மாட்ட ஒன்றுக்கு ரூ. 300 வீதம் ரூ. 3,300, அலமாரி அடிப்பலகை மாற்ற ஆசாரி தந்த மதிப்பீட்டின்படி ரூ. 7,500, ஆக மொத்தம் ரூ. 20,640. அதே மாடலில் வேறு தருகிறோம் என்றால் வேண்டாம். பணமாகத் தாருங்கள்.

பணத்தோடு ஒரு எழுத்துப்பூர்வமான பதிலும் வேண்டும். இந்தத் தொகுதி எண் கொண்ட பொருள் உங்கள் தொழிற்சாலையில் செய்ததுதானா? ஆம் என்றால், கேட்லாக்கில் 'பிராஸ்' என்று போட்டது எப்படி? செம்புக் கலவைக் குழாய்களுக்கான ஐ.எஸ். 8931 தரத்துக்கு இது செய்யப்பட்டதா? பெட்டியில் அந்த எண்ணைக் காணோம். உங்கள் பொருளே இல்லை, போலி என்றால், உங்கள் அங்கீகாரப் பலகையை மாட்டிய கடையில் போலி விற்கிறது என்று அர்த்தம். அதை விசாரிக்க வேண்டியது நீங்கள். வால் மிக்ஸரும் டைவர்ட்டர் பாடியும் எதனால் ஆனவை என்பதையும் எழுதுங்கள். டைவர்ட்டர் சுவருக்குள் போய் டைல்ஸும் ஒட்டியாயிற்று, அதை உரசிப் பார்க்க எங்களுக்கு வழியில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணமும் இல்லை. பொருளின் குறையைச் சோதித்துத்தான் அறிய முடியும் என்றால், மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பவும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. என் அளவு ஜாடியை நம்ப மறுத்தாலும் ஆய்வக அறிக்கையை எளிதில் மறுக்க முடியாது.

முறிந்த துண்டுகளை கூரியரில் அனுப்பச் சொல்லி உங்கள் அழைப்பு மையத்திலிருந்து கேட்டார்கள். அனுப்ப மாட்டேன், அது என்னிடம் உள்ள ஒரே சாட்சி. உங்கள் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து யாரேனும் நேரில் வந்தால் தாராளமாகப் பார்க்கலாம், தராசில் வைத்துப் பார்க்கலாம், புகைப்படம் எடுக்கலாம். பள்ளி நாட்களில் மாலை ஐந்து மணிக்குமேல் வீட்டில் இருப்பேன், ஞாயிறு என்றால் எந்த நேரமும். வருவதற்கு முந்தின நாள் போன் செய்யவும், பிளம்பரையும் வரச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: எஸ்டிமேட், ஜி.எஸ்.டி. பில், கேட்லாக் பக்கம், வாரண்டி தாள், சர்வீஸ் ரிப்போர்ட் ஆகியவற்றின் நகல்கள், முறிந்த பாகத்தின் புகைப்படங்கள், பிளம்பர் ரசீது, ஆசாரியின் மதிப்பீடு.