வாரண்டி மறுக்கப்பட்ட லேப்டாப்: என் புகாரை மறுபடி விசாரிக்கக் கோரி

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர் அதிகாரி

பொருள்: 11 மாதத்தில் பழுதான லேப்டாப்புக்கு வாரண்டி மறுத்தது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் நிறுவனத்தின் லேப்டாப் ஒன்றை 11 மாதங்களுக்கு முன்பு வாங்கினேன். மூன்று வாரமாக அது ஆன் ஆகவில்லை. பில், வாரண்டி அட்டை, சர்வீஸ் சென்டர் தந்த சீட்டு மூன்றின் நகலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். இதற்கு முன்பு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டுக்கும் ஒரே பதில், எழுத்து மாறாமல் வந்தது. அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் காலையில் சார்ஜரைச் செருகினேன், விளக்கு எரியவில்லை. பேட்டரியில் மீதி இருந்த சார்ஜில் மாலை வரை லேப்டாப் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. பேட்டரி காலியானதும் அணைந்தது, அதோடு சரி. பக்கத்தில் சர்வீஸ் சென்டர் கிடையாது. இரவு முழுக்கப் பேருந்தில் போய்க் கொடுத்தேன். பத்து நாள் கழித்து வாங்கிவர மறுபடி அதே பயணம். இரண்டு நாள் வேலை போனது. கையில் கிடைத்தது ஒரு சீட்டு: "மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் சேதம், வாரண்டி பொருந்தாது."

நான் வாழ்வது வளரும் நாடு ஒன்றில். இங்கே கரன்ட் போகும், வரும். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் விசிறியும் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். இது உங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்துதானே இங்கே கடை திறந்து விற்கிறீர்கள்? உங்கள் அடாப்டரின் மேலேயே 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கிறது. அந்த எண்ணை நம்பித்தான் வாங்கினேன். போதாததற்கு ஸ்டெபிலைசர் ஒன்றும் வாங்கி, அது வழியாகத்தான் இத்தனை நாளும் சார்ஜ் போட்டேன்.

மின்னழுத்தம்தான் காரணம் என்றால் முதல் அடியை அடாப்டர்தான் வாங்கியிருக்க வேண்டும். அதைச் சோதித்துப் பார்த்தீர்களா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டேன். இல்லை என்றார்கள். என்ன அளவெடுத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்றேன். அதற்குப் பதில் இல்லை. ஊர் திரும்பியதும் எனக்குத் தெரிந்த ஒரு பழுதுபார்ப்பவரிடம் அடாப்டரை மட்டும் காட்டினேன். மீட்டர் வைத்துப் பார்த்தார். லேபிளில் 19 வோல்ட் என்று போட்டிருக்கிறது, மீட்டரும் 19 காட்டியது. லேப்டாப்பை அவர் திறக்கவில்லை. வாரண்டி நாள் முடியும்முன் திறந்தால் அந்தப் பழியும் என் மேல் விழும் என்று அவரே மறுத்துவிட்டார். மதர்போர்டில் சார்ஜிங்கைப் பார்த்துக்கொள்ளும் சின்ன ஐசி (சிப்) போயிருக்க வாய்ப்பு அதிகம், திறந்து பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பொருளைத் தொடாத அவர் இவ்வளவு கவனமாகப் பேசுகிறார். பத்து நாள் கையில் வைத்திருந்த நீங்கள் ஒரே வரியில் எழுதித் தந்துவிட்டீர்கள்.

காசு கொடுத்துச் சரிசெய்ய என்ன வழி என்றும் கேட்டுப் பார்த்தேன். மதர்போர்டையே மாற்ற வேண்டுமாம். அதற்குச் சொன்ன தொகை லேப்டாப் விலையில் முக்கால் பங்கு. நகத்தளவு ஐசி ஒன்றுக்காக முழு போர்டையும் தூக்கி எறிவதா?

அதைவிட என்னைக் கலங்கவைத்தது வேறு. இந்த மாடலில் ரேம், சேமிப்பு இரண்டையுமே கழற்ற முடியாதபடி மதர்போர்டில் சால்டர் வைத்துப் பற்றவைத்திருக்கிறீர்கள். பழைய லேப்டாப்பாக இருந்தால் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டிக் கோப்புகளை எடுத்துவிடலாம். இதில் போர்டு போனால் அதிலிருப்பதும் அதோடு போகும். வீட்டிலிருந்து தட்டச்சும் கணக்கு எழுதும் வேலையும் செய்கிறேன். மூன்று பேருடைய ஓராண்டுக் கணக்கு இதற்குள் இருக்கிறது. பென் டிரைவில் கடைசியாக நகல் எடுத்து ஐந்து வாரம் ஆகிறது. கிளவுடில் போட்டு வைத்திருக்கலாமே என்று உங்கள் ஊழியர் சொன்னார். மொபைல் டேட்டாவில் காலம் தள்ளும் வீட்டில் அது எவ்வளவு செலவு என்று அவருக்குத் தெரியவில்லை.

டேட்டா என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாங்கிய முதல் வாரத்திலேயே, எங்களைக் கேட்காமல் பின்னணியில் அப்டேட் இறங்கி, மாதம் முழுவதற்கும் போட்டிருந்த டேட்டா தீர்ந்துபோனது. வைஃபை அமைப்பில் 'மீட்டர்டு' (டேட்டாவை அளந்து செலவழிக்கும் இணைப்பு) என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெட்டியில் வந்த காகிதத்தில் அதை ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா?

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. நீங்கள் எனக்கு விற்றது சரியாக அதே 4, அதே 64. கூட்டிக்கொள்ளவும் வழி இல்லை. ஆறே மாதத்தில் "இடம் போதவில்லை, அப்டேட் செய்ய முடியாது" என்ற செய்தி வர ஆரம்பித்தது. கோப்புகளை அழித்து அழித்து இடம் உண்டாக்கினேன். விலை குறைந்த மாடலில் எல்லாம் குறைவாகத்தான் இருக்கும், அது எனக்கும் புரிகிறது. ஆனால் ரேமுக்கு ஒரு காலி ஸ்லாட் விட்டிருந்தால், அடுத்த ஆண்டு பணம் சேர்ந்ததும் இன்னொரு 4 ஜிபி போட்டுக்கொண்டிருப்பேனே! கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வாங்குகிறவர்களுக்கு அந்த ஸ்லாட் எவ்வளவு பெரிய உதவி என்பதை உங்கள் வடிவமைப்பாளர்களுக்கு யாராவது சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் கணினி இது ஒன்றுதான். பகலில் என் வேலை, மாலையில் பிள்ளைகளின் பாடம், இரவில் கணவரின் விண்ணப்பங்களும் கடிதங்களும். இதை வாங்க ஒன்றரை ஆண்டு சேமித்தோம். எட்டு, பத்து ஆண்டு உழைக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இங்கே ஒருவர் கணினி வாங்குகிறார். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறவர்களை மனத்தில் வைத்து நீங்கள் செய்த பொருள் எங்கள் கைக்கு வந்தால் இப்படித்தான் ஆகிறது. உங்கள் கையேட்டில் 35 டிகிரி வெப்பம் வரை பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. எங்கள் ஊரில் கோடையில் அறைக்குள்ளேயே அதைத் தாண்டும். வெப்பத்தில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் தேயும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் பேட்டரியை எளிதில் கழற்ற முடியாதபடி உள்ளே ஒட்டியிருக்கிறீர்கள்.

எங்களைப் போன்றவர்களுக்காக யோசித்துச் செய்ய முடியாது என்றில்லை. 2007-இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக எக்ஸ்ஓ என்ற சின்ன லேப்டாப் வந்தது. வெயிலிலும் படிக்க முடிகிற திரை, தூசி புகாத ரப்பர் விசைப்பலகை, மிகக் குறைந்த மின்சாரம். அந்தத் திட்டம் நினைத்த அளவுக்குப் பரவவில்லை என்பது உண்மைதான். ஆனால் யாருக்காகச் செய்கிறோம் என்று முதலில் கேட்டுவிட்டுச் செய்த பொருள் அது.

பிரான்சில் 2021 ஜனவரி முதல் லேப்டாப் விற்கிற நிறுவனங்கள் அதை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று 10-க்கு மதிப்பெண் போட்டுக் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. கழற்றுவது எவ்வளவு எளிது, உதிரி பாகம் கிடைக்குமா, என்ன விலை, பழுதுபார்க்கும் ஆவணங்களைத் தருகிறார்களா என்றெல்லாம் அதில் கணக்கில் எடுக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நுகர்வோர் பொருளுக்குச் சட்டப்படி குறைந்தது 2 ஆண்டு உத்தரவாதம் உண்டு. அங்கேயும் நீங்கள் விற்கிறீர்கள். அங்குள்ள வாடிக்கையாளருக்குச் செய்ய முடிந்ததை எனக்கும் செய்ய முடியும். இங்கே கேட்கச் சட்டம் இல்லை என்பதற்காகச் செய்யாமல் இருக்காதீர்கள்.

நான் கேட்பது இதுதான். லேப்டாப்பைத் திரும்ப எடுத்து முறையாகச் சோதியுங்கள். போக்குவரத்துச் செலவு உங்களுடையதாக இருக்கட்டும், மூன்றாவது முறை இரவுப் பேருந்தில் ஏற என்னால் முடியாது. போர்டில் கைவைக்கும் முன் அதற்கு மின்சாரம் கொடுத்து என் கோப்புகளை நகலெடுத்துக் கொடுங்கள். பேட்டரியில் கடைசி வரை சரியாக ஓடியதால் சேமிப்புப் பகுதி நன்றாகவே இருக்கும் என்று நம்புகிறேன். அப்புறம், வாரண்டிக்குள் இலவசமாகச் சரிசெய்து கொடுங்கள். மறுபடியும் மின்னழுத்தம்தான் காரணம் என்று சொல்வதானால், எந்தப் பாகம் சேதம், எப்படிக் கண்டுபிடித்தீர்கள், அளவு என்ன என்று கையெழுத்தோடு எழுதித் தாருங்கள். அதோடு இந்த மாடலின் சர்க்யூட் வரைபடத்தையும் அந்த ஐசியையும் வெளியே பழுதுபார்ப்பவர்களுக்குக் கிடைக்கச் செய்யுங்கள். நீங்கள் செய்ய மறுக்கும் வேலையை எங்கள் ஊர்க்காரர் செய்து தருவார்.

வாரண்டி முடிய இன்னும் 26 நாள் இருக்கிறது. புகாரை அதற்குள் எழுத்தில் பதிவு செய்துவிட்டேன் என்பதற்கு இந்தக் கடிதமே சாட்சி. 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுவேன். பதிலை உங்கள் துறையில் யாராவது ஒருவர் படித்து, தன் பெயரைப் போட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், வாரண்டி அட்டை நகல், சர்வீஸ் சென்டர் சீட்டின் நகல், அடாப்டர் லேபிள் மற்றும் மீட்டர் அளவின் படங்கள்