பதினோராம் வகுப்புப் பெற்றோருக்கு: பிள்ளைகள் புறநானூற்றுப் போர்ப்பாட்டு படிக்கும்போது

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

இந்தப் பருவத்தில் பதினோராம் வகுப்பு மாணவர்கள் தமிழ்ப் பாடத்தோடு சேர்த்து, புறநானூற்றிலிருந்து ஆறு பாட்டுகளைத் தனியாகப் படிக்கிறார்கள். 46, 74, 248, 278, 279, 312 என்ற எண்ணுள்ளவை. எல்லாமே போரையோ, போர் விட்டுப்போன மனிதர்களையோ பற்றியவை. ஒரு பாட்டில் பிணங்களைப் புரட்டிப் பார்க்கும் கிழவி. இன்னொன்றில் பகைவரிடம் பிடிபட்டுக் கிடக்கும் அரசன். வேறொன்றில் யானைக்கு முன்னால் நிறுத்தப்பட்ட சிறுவர்கள். இவர்களை இப்படி ஆக்கியது எது என்பதுதான் நாங்கள் பிள்ளைகளிடம் கேட்கும் கேள்வி. முடிவில் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து 250 சொல்லில் ஒரு கட்டுரை தருவார்கள்.

இதை உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. இந்தப் பாட்டுகளைச் செல்போனில் தேடினால் முதலில் வந்து நிற்பது ‘வீரத்தாய்’ என்ற ஒரே வார்த்தை. கைடுகளிலும் அதேதான். பிள்ளை அந்த வார்த்தையைப் பார்த்து எழுதிவிட்டால் பாட்டைப் படிக்கவே வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது. வீட்டிலும் நாம் நல்லெண்ணத்தோடு அதையேதான் சொல்லிக் கொடுப்போம். இந்த முறை மட்டும் அந்த வார்த்தையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பாட்டுக்குள் போகப் பிள்ளைக்குத் துணை செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279-ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு பெண்ணைப் பற்றி மூன்று காலத்தில் மூன்று செய்தி வருகிறது. முன்னொரு நாள் நடந்த போரில் அவளுடைய ‘தன்னை’ (தந்தை அல்லது தமையன்) யானையைக் கொன்று களத்திலேயே விழுந்தான். நேற்று நடந்த போரில், கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை விலக்கப் போன கணவன் அங்கேயே மாண்டான். இன்று மறுபடியும் பறை கேட்கிறது. அவள் ஒரே மகனை அழைத்து, வெள்ளை ஆடை உடுத்தி, பரட்டைத் தலைக்கு எண்ணெய் நீவி, கையில் வேலைக் கொடுத்து ‘செருமுக நோக்கிச் செல்க’ என்று அனுப்புகிறாள்.

துணி உடுத்துவதும் எண்ணெய் தடவுவதும் நீங்கள் தினமும் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும்போது செய்கிற வேலைகள்தான். பாட்டின் கனம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் அந்த இரண்டு அடிகளை ஓடிக் கடந்துவிடுகிறார்கள், யானை கொன்ற வீரம்தான் முக்கியம் என்று நினைத்துக்கொண்டு.

இன்னும் இரண்டு இடங்களில் பிள்ளையை நிறுத்துங்கள். ஒன்று, பாட்டின் தொடக்கம். ‘கெடுக சிந்தை, கடிது இவள் துணிவே’ என்கிறார் புலவர். பக்கத்தில் நின்று பார்க்கிறவர் பதறிப்போகிறார். உடனே ‘மூதின் மகளிர் ஆதல் தகுமே’ என்று அவளை ஒரு குடிப்பெருமையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். முதற்குடிப் பெண் என்றால் இப்படித்தான் நடக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்த ஓர் அடியில் வெளிப்படையாக நிற்கிறது. இரண்டாவது, பறையைக் கேட்டதும் அவள் ‘விருப்புற்று மயங்கி’ நின்றாள் என்பது. விருப்பம் மட்டும் என்றால் புலவர் அதோடு நிறுத்தியிருப்பார். ஏன் மயங்கினாள்? இதற்கு ஒரே விடை என்று ஒன்று கிடையாது. பிள்ளை என்ன சொன்னாலும், பாட்டிலிருந்து காரணம் காட்டினால் முழு மதிப்பெண் தருவோம்.

காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் 278-இல் ஊரின் கை இன்னும் தெளிவாகத் தெரியும். நரம்பு எழும்பி, தோள் வற்றிப்போன கிழவி. ‘உன் மகன் போரில் புறமுதுகு காட்டினான்’ என்று செய்தி வருகிறது. சொன்னது யார்? பாட்டில் பெயர் இல்லை. ‘பலர் கூற’ என்றுதான் இருக்கிறது. அது உண்மையானால் அவன் பால் குடித்த என் முலையை அறுத்தெறிவேன் என்று சினந்து, வாளை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போகிறாள். சிவந்த களத்தில் ஒவ்வொரு பிணமாகப் புரட்டுகிறாள். துண்டு துண்டாகக் கிடக்கும் மகனைக் காண்கிறாள். பெற்ற நாளில் அடைந்ததைவிடப் பெரிதாக மகிழ்ந்தாள் என்று பாட்டு முடிகிறது.

இந்தக் கடைசி அடியை மட்டும் தனியே எடுத்து வைத்தால் அவள் மனுஷியாகவே தெரியமாட்டாள். முன்னால் உள்ள ‘பலர் கூற’வோடு சேர்த்துப் படித்தால்தான் விளங்கும். அந்தப் பேச்சு அவள் காதில் விழாமல் இருந்திருந்தால், மகனின் உடலைக் கண்டு அவள் என்ன செய்திருப்பாள்? ஊர் வைத்த பழி நீங்கிய நிம்மதிதான் அங்கே மகிழ்ச்சியாக வருகிறது என்பது என் வாசிப்பு. பாட்டின் துறைக்கு (பொருள் வகைக்கு) வைத்திருக்கும் பெயரும் உவகைக் கலுழ்ச்சி. மகிழ்ச்சியோடு கண்ணீரும் அதில் இருக்கிறது.

அந்தப் பழி எவ்வளவு கனமானது என்பதற்குத்தான் 74-ஐச் சேர்த்திருக்கிறோம். குழந்தை இறந்து பிறந்தாலும், வெறும் தசைப்பிண்டமாகப் பிறந்தாலும், அதையும் ஆள் என்றே கொண்டு வாளால் வெட்டாமல் விடமாட்டார்கள் என்று பாட்டு தொடங்குகிறது. வாள்காயம் இல்லாத சாவு சாவே அல்ல. இந்த அளவுகோலைச் சொல்லிவிட்டு, அதே அளவுகோலால் தன்னை அளக்கிறான், பகைவரிடம் பிடிபட்ட சேர அரசன் கணைக்கால் இரும்பொறை. சங்கிலியில் கட்டிய நாய் மாதிரிக் கிடந்து, பகைவர் தரும் தண்ணீரை இரந்து குடிக்கும் நிலை எனக்கா என்று கேட்கிறான்.

312-ஐப் பெரும்பாலும் பெற்றோர் எல்லோரும் அறிவீர்கள்: பொன்முடியாரின் ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’. தாய், தந்தை, கொல்லன், வேந்தன், காளை என்று ஐந்து பேருக்கு ஐந்து கடன். ஒரு பையனைப் போருக்கு அனுப்ப ஒரு சமூகமே எப்படி வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிறது என்பதை ஆறு அடிக்குள் காட்டுகிற பாட்டு இது. மேடைப்பேச்சுகளில் ஒப்பித்து ஒப்பித்து ஒன்று மறைந்துபோய்விட்டது. காளையின் கடன் யானையை வீழ்த்துவதோடு முடியவில்லை. ‘களிறு எறிந்து பெயர்தல்’ என்கிறாள் தாய். திரும்பி வருவதும் அவன் கடன்தான். மகன் வீடு வந்து சேர வேண்டும் என்ற ஆசையையும் அந்தத் தாய் கடமைப் பட்டியலுக்குள் வைத்துத்தான் சொல்ல முடிகிறது. இதைக் கண்டுபிடிக்கும் பிள்ளை பாட்டை உண்மையாகவே படித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த நான்கோடு நிறுத்தினால் புறநானூறு போரைக் கொண்டாடும் நூல் என்ற எண்ணம்தான் பிள்ளைகளுக்கு மிஞ்சும். அதனால்தான் மற்ற இரண்டும். 46-இல், சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனான சிற்றரசன் மலையமானின் பிள்ளைகளை யானைக்காலில் இடவிருக்கும் இடத்தில் கோவூர் கிழார் குறுக்கே வந்து நிற்கிறார். நீ புறாவின் துயர் தீர்த்தவன் வழியில் வந்தவன், இவர்களோ புலவரின் வறுமைக்கு அஞ்சித் தம்மிடம் உள்ளதைப் பகுத்து உண்ணும் குடியினர் என்கிறார். பிறகு சிறுவர்களைக் காட்டுகிறார். யானையைக் கண்டதும், அதுவரை அழுதுகொண்டிருந்த அழுகையை மறந்துவிட்டார்கள். இப்போது புதிய இடமான மன்றத்தைப் பார்த்து மிரண்டு நிற்கிறார்கள். தங்களைக் கொல்ல வந்த யானை என்று அவர்களுக்குத் தெரியாது. நான் சொன்னதைக் கேட்டாய், இனி நீ விரும்பியதைச் செய் என்று புலவர் முடித்துவிடுகிறார். போரைப் பற்றி இதைவிடக் கடுமையாகப் பேசிய பாட்டு தமிழில் குறைவு என்று நினைக்கிறேன்.

248 சின்னப் பாட்டு, ஐந்தே அடி. ஒரு கைம்பெண் ஆம்பலைப் பார்த்துப் பேசுகிறாள்: சிறு வயதில் நீ எங்களுக்குத் தழையாடை ஆனாய், இப்போது கணவன் இறந்தபின், வேளை தப்பி உண்ணும் புல்லரிசி ஆகிவிட்டாய். 279-இல் மகனை அனுப்பியவளும் நேற்றிலிருந்து கைம்பெண்தான். இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஆண்கள் களத்தில் விழுந்தபின் அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பது தெரியவரும்.

இனி, பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள்.

முதலாவது, சொற்பிரிப்பு. பழைய பதிப்புகளில் பாட்டு சீர் பிரித்து அச்சாகியிருக்கும். ‘மண்டமர்க் குடைந்தன னாயின்’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, மகன் எதையோ குடைந்தான் என்று பொருள் எழுதிவிடுவார்கள். ‘மண்டு அமர்க்கு உடைந்தனன் ஆயின்’ என்று பிரித்தால்தான், நெருங்கிய போரைக் கண்டு சிதறி ஓடினான் என்றால், என்ற பொருள் வரும். சந்தி பிரித்த படியை வகுப்பில் கொடுத்திருக்கிறோம். முதல் இரண்டு வாசிப்பும் அந்தப் படியில், வாய்விட்டு. பொருள் அதற்குப் பிறகு போதும்.

இரண்டாவது, உரை. உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை முதன்முதலில் அச்சிட்டார். அதற்குக் கிடைத்த பழைய உரை 266-ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது. 267, 268 பாட்டுகளே கிடைக்கவில்லை. ஆகவே 278, 279, 312 மூன்றுக்கும் பழைய உரை கிடையாது. பிற்கால உரைகளில் வேறுபாடு இருக்கும். 279-இல் வரும் ‘தன்னை’ தந்தை என்பாரும் உண்டு, தமையன் என்பாரும் உண்டு. வீட்டில் இருக்கும் உரையும் வகுப்பில் சொன்னதும் வேறாக இருந்தால் பதற வேண்டாம். இரண்டையும் குறித்துக்கொண்டு, எந்த உரையைப் பின்பற்றுகிறேன் என்று ஒரு வரி எழுதினால் போதும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் மூலமும் உரையும் இலவசமாகவே கிடைக்கின்றன.

மூன்றாவது, பாட்டையும் கொளுவையும் கலப்பது. 74-இல் இரும்பொறையைச் சிறைப்பிடித்த சோழன் செங்கணானோ, குடவாயில் கோட்டத்துச் சிறையோ பாட்டுக்குள் இல்லை. பாட்டின் அடியில் பிற்காலத்தார் சேர்த்த குறிப்பில்தான் இருக்கின்றன. அதை எழுதலாம், ‘கொளு கூறுகிறது’ என்று சொல்லி எழுத வேண்டும். இதே வகைப் பிழைதான் புலவரையும் பாத்திரத்தையும் ஒன்றாக்குவது. நச்செள்ளையார் தன் மகனைத் தேடிப் போனார் என்று ஒவ்வோர் ஆண்டும் சில கட்டுரைகளிலாவது வரும்.

நான்காவதுதான் பெரியது. பிள்ளைகள் அந்தத் தாயைத் தெய்வமாக்குவார்கள், இல்லையென்றால் கல்நெஞ்சக்காரி என்று தீர்ப்பு எழுதுவார்கள். இரண்டிலும் அவளைச் சுற்றியிருந்த ஊர் காணாமல் போய்விடுகிறது. இதைத் தவிர்க்க நோட்டை நெடுக்காகப் பிரித்து மூன்று பத்தி போடச் சொல்லியிருக்கிறோம்: பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார், பார்த்துக்கொண்டிருக்கிறவர் யார். மூன்றாவது பத்தியை நிரப்பிய பிறகுதான் கட்டுரை தொடங்க வேண்டும். சங்கத் தமிழ் உங்களுக்குப் பழக்கமில்லை என்றாலும் பரவாயில்லை. இந்த மூன்று கேள்வியையும் சாப்பிடும் நேரத்தில் பிள்ளையிடம் கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

இவை வெறும் கற்பனை என்று நினைக்கும் பிள்ளைகளுக்காக ஒரு செய்தி. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, கூடல் ஊர் ஆகோளில் இறந்த அந்தவன் என்பவனுக்கு நட்டது. ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல். 279-இல் கணவன் இறந்ததும் அப்படி ஒரு பூசலில்தான். அந்தக் கல்வெட்டின் படத்தை வகுப்பில் காட்டுவோம்.

கட்டுரைக்கு 20 மதிப்பெண். பாத்திரத்தின் நிலையைச் சரியாகச் சொல்வதற்கு 6, பாட்டிலிருந்து குறைந்தது இரண்டு தொடர்களை எடுத்துக்காட்டுவதற்கு 6, சமூகம் எப்படி அவரை உருவாக்கியது என்ற விளக்கத்துக்கு 6, மொழிக்கு 2. கையெழுத்தில்தான் தர வேண்டும். நீங்கள் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதுவது வேண்டாம். தப்பும் தவறுமாக இருந்தாலும் அவர்களே எழுதட்டும்.

கடைசியாக, மிகவும் கவனத்தோடு ஒன்று கேட்க விரும்புகிறேன். நம் பள்ளியில் ராணுவத்தில் பணிபுரிவோரின் பிள்ளைகள் படிக்கிறார்கள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் பிள்ளைகளும் படிக்கிறார்கள். சில வீடுகளில் போர் என்பது பாடப்புத்தகத்தில் வரும் செய்தி அல்ல. பிணங்களுக்கு நடுவே மகனைத் தேடும் பாட்டு உங்கள் பிள்ளையை வருத்தும் என்று தோன்றினால் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். காரணம் கேட்கமாட்டோம். 278-க்குப் பதிலாக வேறொரு பாட்டைத் தருவோம்; மதிப்பெண்ணில் எந்த வேறுபாடும் இருக்காது. மாறாக, வீட்டுப் பெரியவர்கள் தங்கள் நினைவைப் பிள்ளையிடம் சொல்ல விரும்பினால், அதைக் கட்டுரையில் சேர்க்கலாமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். சேர்த்தால் தமிழாசிரியரைத் தவிர வேறு யாரும் படிக்காமல் பார்த்துக்கொள்கிறோம்.

இந்தக் கடிதத்தின் அடிப்பகுதியில் கையெழுத்திட்டு, பிள்ளை தேர்ந்தெடுத்த பாட்டின் எண்ணையும் குறித்து வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். ஐயம் இருந்தால் பள்ளி விட்டபின் தமிழ்த்துறை அறையில் ஆசிரியர்களைப் பார்க்கலாம். வரும்போது பிள்ளையின் மூன்று பத்தி நோட்டையும் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்