காருக்கும் இதே போல ஒரு பாதை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சைக்கிள்காரர்கள் ஓரமாகப் போகாமல் சாலையின் உள்ளே வந்து போக்குவரத்தைக் கெடுக்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். நியாயமான வருத்தம்தான். 1,200 கிலோ இரும்பை ஓட்டிக்கொண்டு ஒற்றை ஆளாக வேலைக்குப் போகிறவரை 15 கிலோ சைக்கிள் மறிக்கலாமா? கடுகு வாங்க யானைமேல் போகிறவருக்கு, எறும்பு குறுக்கே வந்தால் கோபம் வரத்தானே செய்யும்.

ஓரமாக ஏன் போவதில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவில் உயர்ந்தும் ஓரத்தில் தாழ்ந்தும் இருக்கும். மீட்டருக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் சரிவு. தண்ணீர் போகிற வழியில்தான் மணலும் கண்ணாடிச் சில்லும் ஆணியும் போய்ச் சேரும். போதாததற்கு, கார் டயர்கள் தாங்கள் ஓடும் தடத்தை நாள் முழுக்கப் பெருக்கிச் சுத்தமாக வைத்துக்கொண்டு, பொடிக்கல்லை ஓரத்துக்கு ஒதுக்கிவிடும். அப்படி ஒதுங்கிய குப்பையைச் சுற்றி ஒரு வெள்ளைக்கோடு போட்டால் அதற்குப் பெயர் சைக்கிள் பாதை.

அதே ஓரத்தில்தான் வடிகால் மூடிகளும் இருக்கின்றன. பல மூடிகளில் கம்பிகள் சாலை போகும் திசையிலேயே நீளவாக்கில் இருக்கும். இடைவெளி மூன்று சென்டிமீட்டர். மெல்லிய சைக்கிள் டயரின் அகலமோ 28 மில்லிமீட்டர். முன்சக்கரம் உள்ளே இறங்கினால் ரிம் கோணும், ஸ்போக் தெறிக்கும், ஓட்டுபவர் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுவார். இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். சதுர மூடியாக இருந்தால் தூக்கி, கால் சுற்று திருப்பி வைத்தால் போதும்; கம்பிகள் குறுக்காக வந்துவிடும். இரண்டு ஆள், ஒரு கடப்பாரை, ஐந்து நிமிடம். திறப்பு விழா நடத்த முடியாத வேலை என்பதுதான் இதிலுள்ள ஒரே சிக்கல்.

இவற்றைத் தாண்டினால் நிறுத்தியிருக்கும் கார்களின் கதவு. திறந்த கதவு ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே நீளும். வெள்ளைக்கோட்டுப் பாதையின் அகலமும் பெரும்பாலும் அவ்வளவுதான். காரில் இருப்பவர் கதவுப் பக்கக் கையால் திறக்காமல், எதிர்ப்பக்கக் கையை நீட்டித் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் போகும், வருகிற சைக்கிள் தெரியும். நெதர்லாந்தில் இப்படித் திறக்கப் பழக்குகிறார்கள். அந்த நாடு பிறக்கும்போதே சைக்கிளோடு பிறந்தது என்று நம் ஆட்கள் சொல்வதுண்டு. இல்லை. 1971இல் அங்கே சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள், அதில் 400க்கு மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. இன்று அங்கே காணும் பாதைகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகுதான் வந்தன.

ஆகவே குப்பை, மூடி, கதவு மூன்றையும் கணக்கில் எடுக்கும் சைக்கிள்காரர் ஓரத்திலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே தள்ளித்தான் ஓட்டுவார். வாசகர் பார்த்து எரிச்சல்பட்டது இதைத்தான். ஹேண்டில்பார் மட்டும் 60 சென்டிமீட்டர். ஓட்டும்போது இருபக்கமும் ஆடுவதற்கு இடம் வேண்டும். வேகம் குறையக் குறைய ஆட்டம் கூடும் என்பதால் மேட்டில் ஏறுபவருக்கு இன்னும் அதிக இடம் தேவை. ஒருவரை ஒருவர் முந்த வேண்டுமானால் பாதை இரண்டு மீட்டராவது இருக்க வேண்டும். நடுவில் மின்கம்பம் இருந்தால் கம்பத்தை நகர்த்த வேண்டும். கம்பத்துக்கு மஞ்சள் கறுப்புப் பட்டை அடிப்பது நகர்த்தியதாகாது.

உயிர் போகும் இன்னோர் இடம் சந்திப்பு. நேரே போகும் சைக்கிளை, பக்கச் சாலைக்குத் திரும்பும் கார் மடக்கி அடிக்கும். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்திருப்பார், சைக்கிள் அதில் விழாத இடத்தில் இருந்திருக்கும். மருந்து தெரிந்ததே: சைக்கிள் குறுக்கே கடக்கும் இடத்தைச் சந்திப்பின் விளிம்பிலிருந்து ஒரு கார் நீளம், அதாவது ஐந்து மீட்டர் பக்கச் சாலைக்குள் தள்ளி வைக்க வேண்டும். அங்கே வருவதற்குள் கார் பாதி திரும்பியிருக்கும். சைக்கிள் கண்ணாடியில் அல்ல, முன்கண்ணாடிக்கு நேர் எதிரே நிற்கும். சாலை முனையின் வளைவையும் இறுக்கமாக்க வேண்டும். வளைவு அகலமாக இருந்தால் எவரும் வேகத்தைக் குறைக்க மாட்டார். ஆனால் நம் பாதைகள் சரியாகச் சந்திப்புக்கு முன்பே முடிந்துவிடுகின்றன. அங்கே ஒரு பலகை: "சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிச் செல்லவும்."

சைக்கிள்காரர்கள் சாலை வரி கட்டுவதில்லை என்ற புகாரும் அந்தக் கடிதத்தில் இருந்தது. கட்டச் சொல்லுங்கள், சேதத்துக்குத் தக்கபடி. 1950களின் இறுதியில் அமெரிக்காவில் லாரிகளை மாதக்கணக்கில் ஓட்டிச் சோதித்துக் கண்டது இது: சாலைக்கு ஏற்படும் தேய்மானம் ஏறக்குறைய அச்சு எடையின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. எடை இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. நான்கு ஆளோடு 1,500 கிலோ காரில் ஓர் அச்சுக்கு 750 கிலோ. ஆளோடு 90 கிலோ சைக்கிளில் 45. வித்தியாசம் பதினாறே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. அந்த எண்ணை நான்கு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் சுமார் 77,000 வருகிறது. கார்காரர் 77,000 கட்டினால் சைக்கிள்காரர் ஒன்று கட்டுவார். சில்லறையாகவே தருவார்.

நிறுத்துமிடக் கணக்கையும் அப்படியே பார்த்துவிடலாம். ஒரு கார் நிறுத்த இரண்டரைக்கு ஐந்து மீட்டர். அதில் பத்து சைக்கிள் நிற்கும். முன்சக்கரத்தை மட்டும் கவ்வும் வரிசைத் தாங்கிகள் வேண்டாம். சைக்கிள் சாய்ந்தால் ரிம் வளைந்துபோகும். கவிழ்த்த 'ப' வடிவக் குழாயைத் தரையில் ஊன்றினால் சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டலாம், ஒரு குழாய்க்கு இரண்டு சைக்கிள்.

இவ்வளவும் செய்ய முடியாது என்றால் பாதகமில்லை, சமமாக நடத்துங்கள் போதும். காருக்கும் அதன் உடம்பளவே அகலமான ஒரு பாதை ஒதுக்குங்கள். ஓரத்தில் போடுங்கள், நடுவே இரண்டு மின்கம்பங்களை விட்டுவையுங்கள், சக்கரம் இறங்கும் அளவுக்கு வடிகாலைத் திறந்து வையுங்கள், மிச்ச இடத்தில் சைக்கிள்களை நிறுத்திக்கொள்கிறோம். சந்திப்புக்கு இருபது மீட்டர் முன்பாக ஒரு பலகை நடுங்கள்: "காரை விட்டு இறங்கித் தள்ளிச் செல்லவும்."

இப்படிக்கு,
ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓட்டும் வாசகர்