புருவம் வரை ஒரு கம்பு

மண்டபம்,
ஆடி ஞாயிறு, இரவு

அன்புள்ள மாப்பிள்ளை,

நோன்புக்கு முன்னால் நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்ட வேண்டுமென்றால் இந்த இடத்திலேயே திட்டித் தீர்த்துவிட்டு மேலே படி. செல்பேசியில் பேசியிருக்கலாமே என்பாய். முடியாது. நான் சொல்லப்போவதைக் கேட்டால் நீ சிரிப்பாய். நீ சிரித்தால் நான் பாதியில் வைத்துவிடுவேன். தாளைப் பார்த்து நீ எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை எடுத்தாகிவிட்டது. இப்போது வீட்டில் ஒரு தூசி தப்புவதில்லை. பாம்பனில் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்துவிட்டார்கள். கப்பல் வந்தால் நடுத்துண்டு அப்படியே நேராக மேலே எழும்புகிறது. 1914இல் கட்டிய நம் கிழவன் பக்கத்திலேயே துருப்பிடித்து நின்று வேடிக்கை பார்க்கிறான். முட்டைக்கண்ணன் மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. உன் இருநூறு ரூபாயைப் பந்தியிலேயே நினைவூட்டினேன். பாயசத்தை இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லிவிட்டு நழுவிவிட்டான்.

இனி செய்தி. நான் அடி வாங்கினேன் மாப்பிள்ளை. 72 வயதுப் பெரியவரிடம், என் சொந்தக் குங்ஃபூ வகுப்பில், 30 பிள்ளைகள் பார்க்க.

மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்தது. ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது என் வகுப்பில் கூட்டம் நிரம்பும் என்பது உனக்குத் தெரியும். தொழிலுக்குப் போகும் பையன்கள் எல்லாம் வருவார்கள். தடை முடிந்த மறுநாள் பாதிப் பேர் காணாமல் போவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண், பதினான்கு வயது. விடுமுறையில் அம்மாவோடு பாசி எடுக்கப் போகிறவள். கடலுக்குள் வழுக்குப் பாறையில் நின்று பழகிய கால். முதல் நாளே குதிரை நிலையில், குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி முழங்காலை மடக்கி, நிற்கச் சொன்னேன். மற்றவர்கள் ஒரு நிமிடத்தில் துள்ளிக்கொண்டு எழ, இவள் நட்டுவைத்த கல் மாதிரி நின்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கே போதிதர்மர் கதையைச் சொன்னேன்: காஞ்சிபுரத்து இளவரசர், சீனாவுக்குப் போனார், ஒன்பது ஆண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார், ஷாவலின் துறவிகளுக்கு இந்தக் கலையைக் கொடுத்தார். நம் மாஸ்டர் மொட்டை மாடியில் குரல் தழுதழுக்கச் சொன்னாரே, அதே ஏற்ற இறக்கத்தோடு. தூக்கம் வராமலிருக்க இமையை வெட்டி எறிந்தார், அது தேயிலைச் செடியாக முளைத்தது என்பதையும் விடவில்லை. (டீக்கடை பாய் இதைக் கேட்டுவிட்டு அன்று முழுவதும் எனக்குத் தேநீரே தரவில்லை.)

அந்தப் பெண் கேட்டாள்: “மாஸ்டர், அவர் இங்கிருந்து கொண்டுபோனார் என்றால், இங்கே இருந்தது என்ன ஆயிற்று?”

பதில் சொல்லத் தெரியாமல் இருபது தண்டால் எடுக்கச் சொன்னேன். ஆசிரியர்களுக்கு உள்ள வசதி அது.

மறுநாள் அவள் தன் தாத்தாவை அழைத்துவந்தாள். சிலம்ப வாத்தியார். நாம் சின்ன வயதில் சந்தனக்கூட்டு ஊர்வலத்தில் கம்பு சுற்றுகிறவர்களைப் பார்த்து, “இதெல்லாம் சண்டைக்கு உதவுமா” என்று கேலி பேசுவோமே, அந்தக் கூட்டத்தில் முன்னால் சுற்றியவர்களில் இவரும் ஒருவர். பனைமரத்தடியில் கம்பை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதைக்காக, “ஐயா, ஒரு கை பார்ப்போமா?” என்று கேட்டேன். மரியாதைக்கு என்று சொல்வது பொய். எனக்குக் கொழுப்பு.

அவர் டீக்கடை அடுப்புச் சாம்பலில் கம்பின் முனையைத் தோய்த்துக்கொண்டு வந்தார். தரையைத் தொட்டு சலாம் வரிசை போட்டார். நான் என் கம்பை எடுத்து, மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி கீழே இறங்கி, ஒரு முனையை நீட்டி நின்றேன். உனக்கு நினைவிருக்கும், தென்சீன முறையில் கம்பு ஏறக்குறைய ஈட்டி. ஒரு முனையை நம்பியே எல்லாம். தட்டிவிடு, நுழை, குத்து. இவர் கம்புக்கு முனை எது, பின் எது என்றே எனக்குப் புரியவில்லை. இரண்டு பக்கமும் மாறி மாறி வந்தது. கம்பைப் பார்த்தால் கால் நகர்ந்துவிடுகிறது, காலைப் பார்த்தால் கம்பு வந்துவிடுகிறது. என் கறுப்புச் சட்டையில் மூன்று சாம்பல் பொட்டு: விலா, தோள், முழங்கால். நான் அவரைத் தொடவேயில்லை.

முடிந்ததும் மூச்சுக்கூட வாங்காமல் சொன்னார்: “தம்பி, உடம்பு நல்ல உடம்பு. ஏன் நண்டு மாதிரி நிற்கிறீர்கள்?”

மாப்பிள்ளை, அவருக்கு என் பட்டப்பெயர் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஊரில் அந்தப் பெயரைச் சொல்ல நீயும் முட்டைக்கண்ணனும்தான் மிச்சம். இப்போது சிரித்துக்கொள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடி வாங்கியதுகூடப் பெரிதாகப் படவில்லை. அந்தப் பெண்ணின் கேள்விதான் குடைந்தது. மகனை உட்காரவைத்துத் தேடிப் படிக்கச் சொன்னேன், பல இரவுகள். ஷாவலின் மடம் 495இல் உண்மையிலேயே ஓர் இந்தியத் துறவிக்காகத்தான் கட்டப்பட்டது. ஆனால் அவர் பெயர் பத்துவோ. போதிதர்மரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு 547இல் எழுதியது. அது அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. அவர் மரபைச் சேர்ந்த இன்னொருவர் தென்னிந்தியர் என்று எழுதிவைத்திருக்கிறார். காஞ்சி இரண்டிலும் இல்லை. அவர் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார் என்பது 1624இல் வந்த ஒரு சுவடியில்தான் தலைகாட்டுகிறது, அவர் இறந்து ஆயிரம் ஆண்டுக்கும் மேல் கழித்து. 1930 வாக்கிலேயே தாங் ஹாவ் என்ற சீனர் இந்தக் கதையைப் பிரித்துப் போட்டுவிட்டாராம். நாம் பிறப்பதற்கு நாற்பது ஆண்டு முன்னால்! நான் 18 ஆண்டாகப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிச் சேர்க்கைக் கட்டணம் வாங்கியிருக்கிறேன்.

இதைவிட ஒன்று என்னை உலுக்கியது. ஷாவலின் துறவிகள் மிங் அரசர்கள் காலத்தில் பெயர் வாங்கியது கையாலும் காலாலும் அன்று; கம்பால். வெறுங்கைச் சண்டையில் பெயரெடுத்தது அதற்குப் பிறகுதான். அவர்கள் ஒருவகைக் கம்பைப் ‘புருவமட்டக் கம்பு’ என்பார்கள். தரையில் ஊன்றினால் புருவம் வரை வர வேண்டும். வாத்தியார் எனக்குக் கம்பு வெட்டியபோது எப்படி அளந்தார் தெரியுமா? மூங்கிலை என் பக்கத்தில் நிறுத்தி, நெற்றியில் விரல் வைத்து, புருவத்துக்கு நேராகச் சுண்ணாம்பால் கோடு போட்டார்.

உடனே அங்கிருந்து இங்கே வந்ததா, இங்கிருந்து அங்கே போனதா என்று நீ ஆரம்பிப்பாய். நானும் ஒரு வாரம் அதிலேயே கிடந்தேன். பெரியபட்டினத்தில், உன் பாட்டி வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், 1987இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது சீனப் பீங்கான் ஓடுகள் வந்தன; 13, 14ஆம் நூற்றாண்டுச் சரக்கு. சீனக் கப்பல் வந்திருக்கிறது, ஆள் இறங்கியிருக்கிறான், ஒருவனாவது பொழுதுபோகாமல் கரையில் கம்பு சுழற்றியிருப்பான் என்று மனம் சொல்கிறது. பானை உடைந்தால் ஓடு கிடக்கிறது. காலடிக்கு என்ன கிடக்கும்? அதனால் அந்தக் கதையையும் வகுப்பில் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், நீ எதையும் நம்புகிற ஆள்.

ஜூன் கடைசியிலிருந்து நான் வாத்தியாரின் மாணவன். காலை ஐந்தரைக்கு அவர் வீட்டுக் கொல்லையில் நிற்க வேண்டும். வெற்றிலை பாக்கு, பதினொரு ரூபாய் வைத்துக் கும்பிட்டுச் சேர்ந்தேன். அவர் கம்பு வெட்டியதோடு சரி. அதைக் கூரையில் செருகிவிட்டார். காலடி மட்டும். முன் வைத்து, மாற்றி, திரும்பி, மறுபடியும் முன் வைத்து. 51 வயதில் நடக்கப் பழகுகிறேன். நம் உடம்பில் 35 ஆண்டாக ஏறியிருக்கும் பாடம், தரையைப் பிடி, வேர் விடு என்பது. இவர் பாடம், தரையில் தங்காதே என்பது. காலையில் இவரிடம் குதிகாலைத் தூக்கிவிட்டு, மாலையில் பிள்ளைகளுக்குக் குதிகாலை ஊன்று என்று சொல்லும்போது எனக்கே நாக்குக் குழறுகிறது. முழங்கால் இரண்டு கட்சிக்கும் எதிர்க்கட்சி.

இரண்டையும் கலந்து புதிதாக ஒன்று செய்யலாமே என்று கட்டையன் யோசனை சொன்னான். அவன் தன் வகுப்பு வாசலில் வைத்திருக்கும் பலகையை நீ பார்க்க வேண்டும்: கராத்தே, குங்ஃபூ, சிலம்பம், குத்துச்சண்டை, யோகா, பரதம், கீழே சின்ன எழுத்தில் இந்தி வகுப்பு. கராத்தே என்பதையே முதலில் ‘சீனக் கை’ என்றுதான் எழுதினார்களாம். 1930களில் எழுத்தை மாற்றி ‘வெறுங்கை’ ஆக்கினார்கள். பெல்ட் கட்டுவது ஜூடோவிலிருந்து வந்த வழக்கம். அதாவது, நீ மாஸ்டரிடம் அழுது வாங்கினாயே பச்சை பெல்ட், அதற்கும் குங்ஃபூவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆக, எல்லோரும் எல்லோரிடமும் வாங்கியிருக்கிறார்கள், எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் ஒன்றாவது உடம்பில் ஊறிய பிறகு அடுத்ததைத் தொட வேண்டும். கட்டையன் பிள்ளைகள் மூன்று மாதத்தில் நான்கு கலைக்குச் சான்றிதழ் வாங்கிவிடுகிறார்கள். அரசு வேலையில் விளையாட்டுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்த பிறகு பெற்றோர் முதலில் கேட்பதே அந்தத் தாளைத்தான். என்னிடமும் ஒருவர் சான்றிதழ் விற்க வந்தார், இத்தனை பிள்ளைகளுக்கு இவ்வளவு ரூபாய், போட்டிக்கு வரவே வேண்டாம் என்று. வாசலைக் காட்டினேன். மறு வாரம் ஆறு பிள்ளைகள் கட்டையனிடம் போய்விட்டார்கள். கோபம் வருகிறது, வாடகை தேதியும் வருகிறது.

இன்னொன்றும் எழுத வேண்டும். ஒரு பையன், பதினாறு வயது. தடை முடிந்து தொழிலுக்குப் போன அவன் அப்பா இன்னும் திரும்பவில்லை. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துப் படகோடு கொண்டுபோய்விட்டது. யாழ்ப்பாணத்தில் சிறையில் இருக்கிறார். பையன் தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து, நாம் கட்டுவோமே அதே மாதிரி மணல் மூட்டையைக் குத்துகிறான். நான் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்துவதில்லை. போன செவ்வாய்க்கிழமை சாக்கில் ரத்தம் பார்த்தேன். உட்காரவைத்துக் கையைக் கழுவிவிட்டேன், ஒன்றும் பேசத் தோன்றவில்லை. மாஸ்டர் இருந்தால் ஏதாவது ஒரு கதை சொல்லியிருப்பார். எனக்குக் கதையில் இருந்த நம்பிக்கையும் போய்விட்டது, பார். மறுநாள் விடியலில் அவனை வாத்தியாரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எதுவும் கேட்கவில்லை. கூரையிலிருந்து என் கம்பை எடுத்து அவனிடம் கொடுத்தார். என் கம்பு! ஆறு வாரமாக நான் தொடாத கம்பு. அவனுக்குப் புருவத்துக்கு மேலே ஒரு சாண் நிற்கிறது. வளருவான், இருக்கட்டும் என்றார்.

உன்னால் ஓர் உதவி. பினாங்கில் சீனர் மன்றங்களில் சிங்க ஆட்டம் பழகுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அங்கே கம்பு பழகுகிற வயதானவர் யாராவது இருந்தால் போய்ப் பார். கம்பை எங்கே பிடிக்கிறார், பின்கால் எப்போது எழும்புகிறது, இந்த இரண்டை மட்டும் கவனித்து எழுது. உன் தொப்பையோடு நீயே செய்துகாட்டிப் படம் அனுப்ப வேண்டாம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. காற்று கச்சானில் நிற்கிறது, வீடு முழுக்க மணல். நான்கரைக்கு எழ வேண்டும்.

உன்
நண்டு

பி.கு.: போதிதர்மர் படத்தைக் கழற்றவில்லை. வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பத்துவோ, 1624, எல்லாம். பெரிய அமைதி. கடைசியில் ஒரு பொடியன் எழுந்து, “அப்படியானால் இன்றைக்கு உதை பழகுவோமா, மாட்டோமா?” என்று கேட்டான். பழகினோம். சைக்கிள் சங்கிலியில் நீ செய்த நுன்சாக்கு இன்னும் எங்கள் பரணில்தான் கிடக்கிறது. அம்மா பழைய இரும்புக்காரனுக்குப் போடப்போகிறாள், வேண்டுமென்றால் உடனே எழுது.