உன் பையன் கடல் என்ஜினுக்கு வரட்டும்

நாகப்பட்டினம்
மார்ச் மாதம்

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கையில் வேலை அதிகம், அதனால்தான் பதில் எழுதத் தாமதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். மகளுக்கு ஆவணியில் கல்யாணம் பேசியிருக்கிறோம். நாள் குறித்ததும் முதல் பத்திரிகை உனக்குத்தான்.

உன் இளைய மகன் பிளஸ் டூ முடித்ததும் இன்ஜினியரிங் காலேஜ் வேண்டாம், படகு என்ஜின் வேலைதான் கற்பேன் என்று நிற்பதாக எழுதியிருக்கிறாய். "நீ அந்த வேலையிலேயே இருக்கிறாய், மறைக்காமல் சொல்" என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். வரட்டும். ஆனால் சரியான வரிசையில் வரட்டும். அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீயும் நானும் கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழக ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர்கள். டீசல் என்ஜினைப் பிரித்துக் கோர்க்க அங்கேதான் கற்றோம். அந்த அடிப்படை படகுக்கும் அப்படியே பொருந்தும். லைனர், பிஸ்டன், ரிங், டேப்பட் எல்லாம் ஒன்றுதான். இங்கே விசைப்படகுகளில் லேலண்ட் என்ஜின் நிறைய. நீ வந்து பார்த்தால் பாதியை உடனே அடையாளம் கண்டுகொள்வாய். மீதிப் பாதியைத்தான் பையன் புதிதாகக் கற்க வேண்டும். பஸ் வழியில் நின்றால் பயணிகளை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடலாம். கரையிலிருந்து பல மணி நேரத் தூரத்தில் என்ஜின் நின்றால் படகில் இருக்கிறவர்களுக்கு அடுத்த படகு கண்ணில் படும்வரை ஒன்றும் கிடையாது. காற்று எழும்பினால் இன்னும் மோசம். கரையில் நாம் விட்ட ஒரு போல்ட்டுக்கு அங்கே பதில் சொல்கிறவர்கள் வேறு ஆட்கள். இந்த வேலைக்கு வருகிற பையன் முதலில் மனசில் வாங்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

குளிர்விப்பையே எடுத்துக்கொள். பஸ்ஸில் ரேடியேட்டர், ஃபேன், அவ்வளவுதான். படகில் என்ஜினுக்குள் நல்ல தண்ணீர் சுற்றும். அதன் சூட்டை ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய்களில் ஓடும் கடல் தண்ணீர் வாங்கிக்கொண்டு வெளியே போகும். அந்தக் கடல் தண்ணீரை இழுப்பது ஒரு சின்ன ரப்பர் இம்பெல்லர், பம்புக்குள் சுழலும் இறக்கைச் சக்கரம். தண்ணீர் வராமல் கொஞ்ச நேரம் காய்ந்து ஓடினாலே அதன் இறக்கைகள் கிழிந்துவிடும். புது இம்பெல்லர் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்து போகிறவன் பாதி மெக்கானிக். கிழிந்த துண்டுகளைப் பொறுக்கி, பழைய இம்பெல்லரோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அது குழாயில் போய் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நாலு நாள் கழித்துக் கடலில் சூடு ஏறும்போதுதான் தெரியும்.

அப்புறம் உப்பு. வெண்கலப் புரொப்பெல்லரும் அதைச் சுழற்றும் எஃகு ஷாஃப்ட்டும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து கிடந்தால் இரும்பு அரிபட ஆரம்பிக்கும். அதற்குப் பதிலாக அரிபடத்தான் துத்தநாகக் கட்டி வைக்கிறோம். பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். ஷாஃப்ட் படகுக்கு வெளியே போகும் இடத்தில் கிளாண்ட் பேக்கிங் இருக்கும், தண்ணீர் உள்ளே புகாமல் சுற்றி அடைக்கும் திரி. புதுப் பையன்கள் எல்லோரும் அங்கே தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுத்து இறுக்கப் போவார்கள். ஓடும்போது அங்கே சொட்டுச் சொட்டாக வரத்தான் வேண்டும். அந்தச் சொட்டுதான் ஷாஃப்ட்டைக் குளிர வைக்கிறது. சுத்தமாக நிறுத்தினால் சூடேறி ஷாஃப்ட்டே தேய்ந்து பள்ளம் விழும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த பாடம் அலைன்மென்ட், அதாவது என்ஜினும் ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று பார்ப்பது. இப்போது என்னிடம் ஒரு பையன் இருக்கிறான், மீனவர் வீட்டுப் பிள்ளை. போன மாதம் ஒரு படகுக்குக் கரையிலேயே அலைன்மென்ட் பார்த்து முடித்திருந்தோம். தண்ணீரில் இறக்கி மறுநாள் மறுபடி பார்க்கச் சொன்னேன். "நேற்றுதானே அண்ணே பார்த்தோம்" என்றான். பார் என்றேன். என்ஜின் ரூமில் ஒரு ஆள் குப்புறப் படுத்தால்தான் என்ஜினையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங்குக்குக் கை எட்டும். அடியில் டீசலும் எண்ணெயும் கலந்த தண்ணீர், தலைக்கு மேலே பலகை. போல்ட்டைக் கழற்றி, கப்ளிங்கின் இரண்டு முகத்துக்கும் நடுவே ஃபில்லர் கேஜை, இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை, விட்டான். மேலே, கீழே, இடது, வலது என்று நாலு இடத்திலும் அளந்தான். ஆறு அங்குலக் கப்ளிங், வித்தியாசம் 6 தௌ வரை போகலாம். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 6 தௌ மில்லிமீட்டரில் சொன்னால் 0.15. கீழே வித்தியாசம் 14 காட்டியது. என் பக்கம் திரும்பி, "அண்ணே, படகு வளைஞ்சிருக்கு" என்றான். மரப்படகு தண்ணீரில் உட்காரும்போது உடம்பு கொஞ்சம் வளையும், கரையில் எடுத்த அளவு அங்கே செல்லாது. இதை நான் அவனுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது அவனுடையதாக ஆனது. அடுத்த இரண்டு மணி நேரம் என்ஜின் காலுக்கு அடியில் ஷிம் என்கிற மெல்லிய தகடுகளை வைத்துக்கொண்டே இருந்தான், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

இப்படிக் கற்பதற்கு இங்கே ஒரு நல்ல காலம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. முன்பு 45 நாளாக இருந்தது, தமிழ்நாட்டில் 2017-ல் 61 ஆக்கினார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்குக் கஷ்ட காலம், எங்களுக்கு விடிந்தால் பொழுது போவது தெரியாது. படகுகளைக் கரையேற்றி, அடிப்பலகை சுரண்டி, என்ஜினை இறக்கி ஓவர்ஹால் செய்வது எல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான். ஒரு அப்ரண்டிஸ் இங்கே பார்க்கும் என்ஜின்களை வேறு எந்த இரண்டு மாதத்திலும் பார்க்க முடியாது.

ஆனால் என் ஷெட்டில் மட்டும் கற்றுக்கொண்டு நின்றுவிடக் கூடாது. இதை உறுதியாகச் சொல்கிறேன். இந்தக் கரையில் பல பையன்கள் ஏழெட்டு வருஷம் ஷெட்டில் கழுவித் துடைத்து, கை நன்றாகத் தேர்ந்த பிறகும், காட்ட ஒரு காகிதம் இல்லாமல் நிற்கிறார்கள். வெளியூர்க் கப்பல் கம்பெனியில் ஆள் எடுக்கும்போது வாசலோடு திரும்பி வருகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. தொழில் தெரிந்தவனை உள்ளே விட ஒரு சான்றிதழ் குறுக்கே நிற்கக் கூடாது, ஆனால் நிற்கிறதே. அப்ரண்டிஸ் சட்டம் 1961-ல் வந்தது. அதன்படி பதிவு செய்து ஆள் எடுக்கக் குறைந்தது நாலு பேராவது வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும், 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் கட்டாயம். என் ஷெட்டில் நாங்கள் மூன்று பேர். நான் கைத்தொழிலைக் கொடுக்கலாம், காகிதத்தைக் கொடுக்க முடியாது.

அதற்கு இரண்டு வழி தெரிகிறது. ஒன்று சிஃப்நெட், மத்திய அரசின் மீன்வளப் பயிற்சி நிறுவனம். தலைமையிடம் கொச்சி, நம் பக்கம் சென்னை ராயபுரத்தில் ஒரு பிரிவு, விசாகப்பட்டினத்தில் ஒன்று. 1953-ல் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் வந்த பிறகு நாட்டில் என்ஜின் படகுகள் பெருகின. அவற்றை ஓட்டவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டுமே, அதற்காக 1963-ல் தொடங்கியது இந்த நிறுவனம். மரைன் ஃபிட்டர் படிப்பு இரண்டு வருஷம், பத்தாம் வகுப்பு போதும், நுழைவுத் தேர்வு உண்டு. பயிற்சிக் கப்பலில் கடலுக்கும் கூட்டிப்போவார்கள். வயது வரம்பு இருக்கிறது, அதனால் அறிவிப்பை இப்போதே பார்த்து வை.

இன்னொன்று, ஐடிஐ-யில் டீசல் மெக்கானிக் ஒரு வருஷம் முடித்துவிட்டு, விசாகப்பட்டினத்தில் கடற்படைக் கப்பல்களைப் பழுது பார்க்கும் நேவல் டாக்யார்டின் அப்ரண்டிஸ் பள்ளிக்கு எழுதுவது. எழுத்துத் தேர்வில் தேறினால் எடுப்பார்கள். 2019 விதிப்படி ஐடிஐ முடித்த அப்ரண்டிஸுக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் உதவித்தொகை என்று இருந்தது. வெளியூரில் தங்கிச் சாப்பிட அது எந்த மூலைக்கு என்று நீ கேட்பாய். கேட்பது நியாயம்தான், கொஞ்ச நாள் நீ கைக்காசு போட வேண்டியிருக்கும். இரண்டில் எது என்று கேட்டால் நான் முதலாவதைத்தான் சொல்வேன். மீன்பிடிப் படகைப் பற்றியே இரண்டு வருஷம் பேசும் இடம் அது.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு அவன் என்னைக் கேட்கக் கூடாது. என்ஜின் ரூம் சூடு தாங்க முடியாது. காதுக்கு மஃப் போடாமல் வருஷக்கணக்கில் நின்றால் காது போய்விடும், என் இடது காது இப்போதே மந்தம். பார்க்கிற வேலைக்குப் பணம் உடனே வராது. மீன் படாத மாதம் படகுக்காரரே கடனில் இருப்பார், அவரை நெருக்கவும் மனசு வராது. ட்ரையலுக்குக் கடலுக்குள் போகும்போது முதல் சில தடவை வாந்தி எடுப்பான். அதெல்லாம் சரியாகிவிடும்.

அண்ணியிடம் சொல், பையன் படிப்பை விட்டுவிட்டு ஓடவில்லை. மேனுவல் படிக்க இங்கிலீஷ் வேண்டும், பம்ப் அழுத்தம் புரிய கணக்கு வேண்டும், இப்போது ஃபைபர் படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு என்ஜினில்கூட எலக்ட்ரானிக்ஸ் வந்துவிட்டது. என்னிடம் இருக்கும் பையனுக்குக் கை இருக்கிறது, மேனுவலைத்தான் நான் வரிவரியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உன் மகன் அவனுக்குப் படித்துக் காட்டுவான், அவன் உன் மகனுக்குப் படகைக் காட்டுவான்.

ஆக, பரீட்சை முடிந்ததும் சிஃப்நெட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியதைப் பார்க்கச் சொல். முடிவு வரும்வரை தடைக்காலத்தில் என்னோடு இருக்கட்டும். என் வீட்டிலேயே தங்கலாம், சாப்பாட்டுக்குக் குறை இருக்காது. அந்த இரண்டு மாதத்துக்கு நான் அவனுக்குக் கையில் ஏதாவது கொடுப்பேன், வேண்டாம் என்று நீ தடுக்காதே. வேலை செய்கிறவனுக்குக் கூலி இல்லாமல் நான் யாரையும் வைத்துக்கொள்வதில்லை. முழுக்கை சட்டை இரண்டு, பருத்தித் துணியாக, நல்ல ஷூ ஒன்று எடுத்து வரட்டும். செருப்போடு வந்தால் ஷெட்டுக்குள் விடமாட்டேன்.

ஏப்ரல் 15-க்குப் பிறகு எந்த நாள் வந்தாலும் சரி. நீயே கூட்டிக்கொண்டு வா, லீவு போட்டு இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம். கிளம்பும் முன் ஒரு போன் போடு, பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

உன்
பழைய ஒர்க்‌ஷாப் நண்பன்