நிற்கிற புள்ளியை எண்ண வேண்டாம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். கட்டத்தாளில் புள்ளி குறிப்பதெல்லாம் பிள்ளைகளுக்கு நன்றாகவே வருகிறது. ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போவது என்று எழுதச் சொன்னால்தான் தடுமாறுகிறார்கள்.

(2, 3)-இலிருந்து (7, 1)-க்குப் போக வேண்டும். அடைப்புக்குள் முதல் எண் இட-வல இடத்தையும், இரண்டாவது எண் மேல்-கீழ் இடத்தையும் சொல்லும். வலப்பக்கம் 5, கீழே 2. பலர் 6, 3 என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாணவியைக் கூப்பிட்டு எண்ணிக் காட்டச் சொன்னேன். புறப்படும் புள்ளியில் விரலை வைத்த உடனேயே "ஒன்று" என்றாள். கோளாறு அங்கேதான். விரல் நகர்ந்து அடுத்த கோட்டைத் தொட்ட பிறகுதான் ஒன்று. "சதுரங்கத்தில் காய் நிற்கிற கட்டத்தையும் சேர்த்தா எண்ணுவாய்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அழித்து எழுதினாள்.

இன்னொரு சிக்கல் பூஜ்ஜியத்தைத் தாண்டும்போது வருகிறது. (−3, 4)-இலிருந்து (2, 4)-க்கு வலப்பக்கம் 5 கட்டம். சிலர் 3-இலிருந்து 2-ஐக் கழித்து 1 என்கிறார்கள். சிலர் பூஜ்ஜியத்தை விட்டுவிட்டு 4 என்கிறார்கள். பிள்ளைகளைத் திட்டாதீர்கள். இப்படி எண்களால் புள்ளி குறிக்கும் தளத்துக்குக் கார்ட்டீசியன் தளம் என்று பெயர். அந்தப் பெயருக்குக் காரணமான கணித அறிஞர் ரெனே டெக்கார்ட்டே 1637-இல் வெளியிட்ட 'வடிவியல்' என்ற படைப்பில், இன்று நாம் வரைவதுபோல இரண்டு அச்சுகளையும் எதிர் எண் பக்கங்களோடு போட்டுக் காட்டவில்லை. சேரும் எண்ணிலிருந்து புறப்பட்ட எண்ணைக் கழித்தால் விடை வரும் என்பது சரிதான்: 2 − (−3) = 5. ஆனால் அந்தக் குறுக்குவழியை இப்போதே சொல்லிக்கொடுக்காதீர்கள். விரலுக்குப் பழகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"கீழே 2, வலம் 5" என்று மாற்றிச் சொன்னாலும் அதே இடத்துக்குத்தான் போகிறோம். அதைத் தவறு என்று அடிக்க வேண்டாம். (7, 1)-ஐ (1, 7) என்று எழுதினால் மட்டும் விடாதீர்கள். அது வேறு புள்ளி.

இந்த வாரக் கடைசியில் 10 நிமிடம் ஒதுக்குங்கள். பிள்ளை வழி சொல்லட்டும், பென்சில் உங்கள் கையில் இருக்கட்டும். "அந்தப் பக்கம் கொஞ்சம்" என்றால் நகராதீர்கள். எந்தத் திசை, எத்தனை கட்டம் என்று சொன்னால்தான் பென்சில் அசைய வேண்டும். போய்ச் சேர்ந்ததும் திரும்பி வரும் வழியையும் கேளுங்கள். எண்கள் அப்படியே இருக்கும், வலம் இடமாகும், கீழ் மேலாகும். வரைந்த தாளைத் திங்கட்கிழமை நோட்டில் ஒட்டி அனுப்புங்கள். அழித்த தடம் இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்